கத்திக்கு முன் கிருமியைத் தேடுக!

இரைப்பை நிணநீர்ப் புற்றுக்குரிய சிகிச்சை முறைகள்

புற்றுநோய் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே நம்மவர் உள்ளம் ஒடுங்கிப் போகிறது. வீட்டிலுள்ளோர் அப்பெயர் நோயாளியின் காதில் விழாதவாறு மறைக்கின்றனர். அண்டை அயலார் குரலைத் தாழ்த்திப் பேசுகின்றனர். ‘இனி ஆண்டவன் விட்ட வழி’ என்று முதியோர் பெருமூச்செறிகின்றனர். இந்த அச்சம் ஆதாரமற்றது என்று கூற நாம் முன்வரவில்லை. ஆனால் புற்று என்பது ஒரே வியாதியன்று. ஒரே பெயரைச் சூடிக்கொண்டு உலவும் பல வியாதிகளின் கூட்டம் அது. அவற்றுட் சில கொடியவை, சில மெதுவானவை, சில, காலத்தே கண்டறியப்பட்டால் முற்றிலும் அடங்கிவிடக் கூடியவை. ஒரு வகையோ, கத்தியும் கதிருமின்றி, இரண்டு வார காலம் உட்கொள்ளும் சாதாரண மாத்திரைகளாலேயே மறைந்துபோகக் கூடியதாயிருக்கிறது. இரைப்பையில் தோன்றும் நிணநீர்ப் புற்றின் ஆரம்ப நிலையே அது. இவ்வுண்மை வைத்திய உலகிற்கு மிகப் பழகிய செய்தி. எனினும், அது யாருக்கு மிகவும் வேண்டியதோ அவர்களுடைய செவிக்கு இன்னும் எட்டியபாடில்லை. ஆகவே இதனைச் சற்று விரிவாக எழுதுதல் கடமையென்று கருதுகிறோம்.

வயிற்றுவலியும் கடை மருந்தும்

வடசென்னையில் புளியந்தோப்பை அறியாதார் யார்? பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் சங்கொலிக்குக் கண்விழித்த பேட்டை அது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் உறுப்பினர்களாகச் சேர்ந்தவர்களுள் இங்குள்ள தொழிலாளர் பலர். 1921 வேலைநிறுத்தத்தின்போது கலகத்தையும் துப்பாக்கிப் பிரயோகத்தையும் கண்ணெதிரே கண்ட இடமும் இதுவே. அவ்வாலைகள் 1996-ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் உழைப்பாளிகள் போய்விடவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமப்போரும், பேஸின் பிரிட்ஜ் இரயில்வேக் கொட்டகைகளில் வேலை செய்வோரும், ஆட்டுத்தொட்டியில் பாடுபடுவோரும், வண்டியோட்டிகளும் நெருக்கமான சிறு வீடுகளில் இன்றும் வாழ்ந்து வருகின்றனர்.

இவர்களுள் ஒருவரை மனத்திற் கொள்வோம். வயது ஐம்பத்தைந்து. வேலைக்கேற்றபடி வேளை தப்பிய உணவு. மேல்வயிற்றில் மந்தமான ஒரு வலி. சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிட்டாற் போன்ற உணர்ச்சி. ‘வாயு’ என்கிறார் ஒருவர். ‘அல்சர்’ என்கிறார் மற்றொருவர். ‘உடம்புச் சூடு’ என்கிறாள் மனைவி. தெருக்கோடி மருந்துக்கடையிலே அமிலத்தை அடக்கும் மாத்திரை கிடைக்கிறது. விழுங்கினால் நாலு நாள் வலி தணிகிறது, பிறகு திரும்புகிறது. மறுபடியும் கடை, மறுபடியும் மாத்திரை. இப்படியே ஓராண்டு, இரண்டாண்டு கழிகிறது. உடல் இளைக்கிறது. ஒரு நாள் மலம் கருந்தாராக இறங்குகிறது. அப்போதுதான் ஆஸ்பத்திரியின் நினைவு வருகிறது.

இவ்வாறு வருந்துவோரிற் பெரும்பாலோர்க்கு உள்ள வியாதி சாதாரண இரைப்பை அழற்சியோ, புண்ணோதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீண் பீதியை உண்டாக்குவது நமது நோக்கமன்று. ஆனால் அழற்சி, புண், புற்று ஆகிய மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒரே வேடம் பூண்டு வருகின்றன. உள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் வைத்தியர் கண்ணுக்குங்கூட ஆரம்ப நிலையிலுள்ள நிணநீர்ப் புற்று வெறும் சிவப்பாகவோ, சிறு புண்ணாகவோதான் பல வேளைகளில் தோன்றும். சதைத் துணுக்கை எடுத்து நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலன்றி இன்னதென்று துணிய இயலாது. கடைக்காரர் மாத்திரையால் வேடத்தைக் கலைக்க முடியுமா?

வியாதியின் தன்மை

நிணநீர் அணுக்கள் என்பவை நம் தேகத்தின் காவற்படை. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களிலுள்ள கட்டிகளே இப்படையின் பாசறைகள். ஆரோக்கியமான இரைப்பையிலே இத்தகைய பாசறை கிடையாது. பகைவன் ஒருவன் அங்கே நீங்காது குடியேறினால்தான் படையும் அங்கே சென்று முகாமிடுகிறது. பகைவன் ஆண்டுக்கணக்கில் அகலாதிருந்தால், படையும் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே போகிறது. இப்பெருக்கத்தினிடையே ஓர் அணு தன் கட்டுப்பாட்டை இழந்து, தன்னைப் போன்றவற்றையே ஓயாது ஈன்று குவிக்கத் தொடங்குமானால் அதுவே நிணநீர்ப் புற்றாகிறது. 

இரைப்பையில் காணும் நிணநீர்ப் புற்றுகளுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, இரைப்பையின் உட்சவ்வைச் சார்ந்து மெல்ல வளரும் வகை. வைத்தியர் இதனை ‘மால்ட்’ வகை என்பர். மற்றொன்று, பெரிய அணுக்களால் ஆகி வேகமாகப் பரவும் வகை. சிகிச்சை முறைகள் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு. ஆதலின் நோயாளியும் அவர் உறவினரும் வைத்தியரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘புற்றா, இல்லையா?’ என்பதோடு நின்றுவிடலாகாது; ‘எந்த வகை? எவ்வளவு தூரம் சென்றுள்ளது?’ என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரைப்பையளவில் நின்றிருப்பது முதல் நிலை. அருகிலுள்ள நிணநீர்க் கட்டிகளுக்கும் சென்றிருப்பது இரண்டாம் நிலை. இவ்விரண்டையுமே ஆரம்ப நிலை என்று கூறுவது வழக்கம்.

பகைவன் யார்?

இரைப்பையிற் குடியேறிய பகைவன் யார் என்ற வினாவிற்கு விடை கிடைத்த வரலாறு மிகவும் சுவையுடையது. இரைப்பையிலோ கடுமையான அமிலம் சுரக்கிறது. அதில் எந்தக் கிருமியும் உயிர்வாழ இயலாது என்பதே நெடுநாளைய நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து வைத்தியர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்நம்பிக்கையை ஏற்கவில்லை. அழற்சியுள்ள இரைப்பைத் துணுக்குகளில் சுருள் வடிவான ஒரு நுண்ணுயிரை வாரன் கண்டார். அதனைத் தனியே வளர்க்க இருவரும் செய்த முயற்சிகள் முதலில் பலிக்கவில்லை. 1982-ல் ஈஸ்டர் விடுமுறையை முன்னிட்டு வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் சில நாள் கூடுதலாக விட்டுவைக்கப்பட்டன. திரும்பி வந்து பார்த்தபோது அந்தக் கிருமி வளர்ந்திருந்தது! உலகம் அப்பொழுதும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்பது அக்கிருமியின் பெயர்.

இதே காலத்தில் இங்கிலாந்திலே நோயியல் அறிஞர்கள் வேறொரு வழியில் ஆராய்ந்து கொண்டிருந்தனர். 1983-ல் பீட்டர் ஐசக்ஸன், டென்னிஸ் ரைட் ஆகிய இருவரும் ‘மால்ட்’ வகைப் புற்றைத் தனியானதொரு வியாதியாக வகுத்துக் கூறினர். 1991-ல் ஊதர்ஸ்பூனும் அவருடைய தோழர்களும் இப்புற்று உள்ளவர்களின் இரைப்பைகளைச் சோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் அக்கிருமி இருக்கக் கண்டனர். ‘கிருமி தூண்டியதால் வளர்ந்த புற்றாயின், கிருமியை ஒழித்தால் புற்றும் ஒழியுமோ?’ என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1993-ல் ஆறு நோயாளிகளுக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். அறுவரில் ஐவருடைய இரைப்பைத் துணுக்குகளிலே பிறகு புற்றைக் காணவில்லை! புற்று ஒன்று சாதாரணக் கிருமிநாசினி மருந்திற்குப் பணிந்த இந்நிகழ்ச்சி வைத்திய சரித்திரத்தில் ஒரு புதுமையாகும். அடுத்த ஆண்டே, அதாவது 1994-ல், உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இக்கிருமியைப் புற்றை விளைவிக்கும் காரணங்களின் முதல் வரிசையிற் சேர்த்தது.

இந்தியர்களிற் பாதிப்பேருக்கு மேற்பட்டவர்களுடைய இரைப்பையில் இக்கிருமி வாழ்கிறது. பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே, நெருக்கமான வாழ்க்கையாலும் அசுத்தமான தண்ணீராலும் இது தொற்றுகிறது. இவர்களுள் நிணநீர்ப் புற்றை அடைவோர் மிக மிகச் சிலரே. ஆகையால் கிருமியின் பெயரைக் கேட்டு எவரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கூறுவோம்: குழாயடியில் சாக்கடை நீர் கலந்து வருகிறதென்று தாய்மார் குடத்துடன் வீதியில் நின்று முறையிடும்போது, அது வெறும் துர்நாற்றத்தைப் பற்றிய புகார் என்று அதிகாரிகள் எண்ணலாகாது. இன்று ஒரு குழந்தை குடிக்கும் தண்ணீரின் பலன் ஐம்பதாண்டு கழித்தும் இரைப்பையிற் தோன்றக்கூடும்.

முதற்படி: கிருமி நாசம்

‘மால்ட்’ வகைப் புற்று ஆரம்ப நிலையிலிருந்து, கிருமியும் உடனிருக்குமாயின், முதலிற் செய்ய வேண்டிய சிகிச்சை கிருமியை ஒழிப்பதே. இதில் உலகெங்குமுள்ள வைத்தியரிடையே கருத்து வேற்றுமை இல்லை. அமிலச் சுரப்பை அடக்கும் மருந்து ஒன்றுடன் கிருமிநாசினி மருந்துகள் இரண்டு சேர்த்து வழக்கமாகப் பதினான்கு நாள் கொடுக்கப்படுகின்றன. நம் நாட்டில் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் முதலிய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகியிருப்பதால், பிஸ்மத் என்னும் உப்பையும் டெட்ராசைக்ளினையும் சேர்த்து நான்கு மருந்துகளாகக் கொடுக்கும் முறையைப் பலர் விரும்புகின்றனர். எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்பதை வைத்தியரே முடிவு செய்ய வேண்டும்.

இம்முறையின் பலன் யாது? முதல் நிலையில் உள்ளவர்களிலே நூற்றுக்கு ஏறக்குறைய 75 முதல் 80 பேருக்குப் புற்று மறைந்துபோகிறது. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தாலும் இவ்வகை நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உயிருடன் இருக்கின்றனர். இதற்கான செலவோ, ஒரு பெரிய சஸ்திர சிகிச்சைக்கு ஆகும் செலவில் சிறு பின்னம்.

இவ்வளவு எளிய சிகிச்சை எங்கே தவறிப்போகிறது? மூன்று இடங்களில்.

முதலாவது, மருந்தை நடுவில் நிறுத்துதல். நாளொன்றுக்குப் பல மாத்திரைகள், வாயெல்லாம் உலோகக் கசப்பு, குமட்டல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. நாலாம் நாள் வலி தணிந்தவுடன், ‘குணமாகிவிட்டதே, இனி எதற்கு?’ என்று எஞ்சியதைப் பரணில் எறிந்துவிடுகின்றனர். பாதி அடிபட்ட கிருமி மாளுவதில்லை. அம்மருந்தையே வெல்லக் கற்றுக்கொண்டு எழுகிறது. பிஸ்மத் உண்பவர்க்கு நாக்கும் மலமும் கறுப்பது இயல்பு. அதனை இரத்தப் போக்கென்று எண்ணி மருந்தை நிறுத்துவோரும் உண்டு. ஆனால் கறுத்த மலத்துடன் மயக்கமோ, படபடப்போ, இரத்த வாந்தியோ சேருமாயின் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாட்களில் மதுவைத் தொடவே கூடாது. அதற்கஞ்சி மருந்தைக் கைவிடுவோரைக் காட்டிலும் மதுவைக் கைவிடுவோர் புத்திசாலிகள்.

இரண்டாவது, கிருமி ஒழிந்ததா என்று சோதியாமை. மருந்து முடிந்து ஆறு வாரங்கள் கழித்து மூச்சுப் பரிசோதனை முதலிய முறைகளால் இதனைத் தெரிந்துகொள்ளலாம். சோதனைக்கு முன் இரண்டு வாரமேனும் அமிலமடக்கும் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி ஒளிந்துகொண்டு, இல்லாதது போலக் காட்டும். முதல் மருந்திற்கு ஒழியாவிட்டால் வேறு மருந்துகளைக் கொண்டு மறுமுறை முயல்வது முறை.

மூன்றாவது, பொறுமையின்மை. கிருமி இரண்டு வாரத்தில் ஒழியும்; புற்று இரண்டு வாரத்தில் ஒழியாது. அது தேய்ந்து மறைவதற்குச் சில மாதங்களாகலாம். சிலருக்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். மூன்று மாதத்தில் எடுத்த துணுக்கில் சிறிது எஞ்சியிருக்கக் கண்டு, சிகிச்சை தோற்றுவிட்டதென்று முடிவு கட்டுதல் தவறு. கிருமி ஒழிந்து, உடல்நலமும் குன்றாது, புற்றும் பெருகாதிருப்பின், கண்காணித்துக் காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே என்பர் வல்லுநர். காத்திருத்தல் வேறு, மறந்திருத்தல் வேறு என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இரண்டாம் படி: கதிரும் மருந்தும்

கிருமி ஒழிந்தும் புற்று ஒழியாதவர் சிலர் உண்டு. தொடக்கத்திலேயே கிருமி காணப்படாதவரும் உண்டு. வேறு சிலரிடம், புற்றணுவின் பதினொன்றாம், பதினெட்டாம் நிறக்கோல்கள் தத்தம் துண்டுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டிருக்கும். இம்மாறுதல் நேர்ந்த அணுவுக்குக் கிருமியின் தூண்டுதல் தேவையில்லை. அது தானே பெருகும் வல்லமை பெற்றுவிடுகிறது. ஆதலால் அத்தகையோரிற் பெரும்பாலோர்க்குக் கிருமிநாசினி மட்டும் போதுவதில்லை. 

இவர்களுக்குரிய சிறந்த வழி கதிர்ச் சிகிச்சை. நிணநீர்ப் புற்று கதிருக்கு எளிதில் இளகும் தன்மையது. ஆகையால் மற்றப் புற்றுகளுக்கு வேண்டிய அளவில் ஏறக்குறையப் பாதியே போதும்: மொத்தம் 24 முதல் 30 கிரே அளவை, மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாகச் செலுத்துகின்றனர். ஒவ்வொரு நாளும் சில நிமிஷங்களே ஆகும். வயிறு சுருங்கியிருக்கும் பொருட்டு வெறும் வயிற்றுடன் வரச் சொல்வர். இடப்புறத்துச் சிறுநீரகமும் கல்லீரலும் இதயமும் கதிருக்கு ஆளாகாதவாறு கணக்கிட்டுச் செலுத்தும் கருவிகள் இன்று உள்ளன. இதனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புற்று அடங்குகிறது. இரைப்பையும் தன் இடத்திலேயே இருக்கிறது. மனிதன் தன் சோற்றைத் தானே உண்டு செரிக்கிறான்.

கதிர் பொருந்தாதவர்க்கு ‘ரிட்டுக்ஸிமாப்’ என்னும் மருந்து உண்டு. நிணநீர் அணுவின் மேலுள்ள ஒரு குறியை மட்டும் கண்டறிந்து அதனைத் தாக்கும் மருந்து இது. அமெரிக்காவில் 1997-ல் அனுமதி பெற்றது. விலையோ ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. 2007-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியார் இதற்கு நிகரான மருந்தை நம் நாட்டிலேயே உற்பத்தி செய்து வெளியிட்டனர். சுதேசி முயற்சியால் விலை தாழ்ந்ததன் பலனை இன்று எத்தனையோ நோயாளிகள் அடைந்து வருகின்றனர். இம்மருந்தைத் தொடங்குமுன் ஹெப்படைடிஸ் ‘பி’ என்னும் ஈரல் அழற்சிக் கிருமி உடலில் உள்ளதா என்று இரத்தத்தைச் சோதிப்பது மிக அவசியம். உறங்கிக் கிடக்கும் அக்கிருமியை இம்மருந்து எழுப்பிவிடக் கூடும்.

பெரிய அணு வகை

பெரிய அணு வகைப் புற்று வேகமானது. ஆதலின் அதற்குச் சிகிச்சையும் வேகமாகவே தொடங்கப்படல் வேண்டும். ரிட்டுக்ஸிமாபுடன் வேறு நான்கு மருந்துகளைச் சேர்த்து மூன்று வாரத்திற்கொரு முறையாகச் சில சுற்றுகள் கொடுக்கின்றனர்; சிலருக்கு அதன்பின் கதிரும் செலுத்துகின்றனர். கிருமி இருந்தால் அதனையும் உடன் ஒழிக்கின்றனர். மயிர் உதிர்தல், வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் வருதல், இதயத் தளர்ச்சி முதலிய இடையூறுகள் இச்சிகிச்சையில் உண்டு. காய்ச்சல் கண்டால் ‘விடிந்தபின் பார்ப்போம்’ என்று இருத்தல் கூடாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். இவ்வளவு தொல்லையும் வீணல்ல. ஆரம்ப நிலையிலேயே வந்தவர்களிற் பெரும்பாலோர் முற்றிலும் குணமடைகின்றனர்.

கத்தியின் இடம்

இரைப்பைப் புற்றென்றால் இரைப்பையை வெட்டியெறிவதே சிகிச்சை என்ற எண்ணம் ஒரு காலத்தில் வைத்தியர்களிடமே வேரூன்றியிருந்தது. வெட்டியவர் பலர் பிழைத்ததும் உண்மையே. ஆனால் இரைப்பையை இழந்தவர் அதன்பின் நாளுக்கு ஆறேழு முறை சிறுகச் சிறுக உண்டு, உடல் மெலிந்து, ஆயுள் முழுவதும் பி-12 என்னும் சத்தை ஊசியாக ஏற்றிக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. மூட்டை சுமந்து பிழைக்கும் ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் நடந்த பெரிய ஆராய்ச்சிகள், வெட்டியவர்களைக் காட்டிலும் வெட்டாது கதிராலும் மருந்தாலும் சிகிச்சை பெற்றவர்கள் ஆயுளில் குறைந்துவிடவில்லை என்று காட்டின. 2004-ல் வெளியான மெக்ஸிகோ நாட்டு ஆராய்ச்சி ஒன்றும், பெரிய அணு வகையில் கத்தியைவிட மருந்தே மேல் என்று நிறுவியது. ஆகவே இன்று கத்திக்குரிய இடம் குறுகிவிட்டது. இரைப்பை துளைபட்டாலோ, வேறெவ்விதத்திலும் நிற்காத இரத்தப்பெருக்கு உண்டானாலோ, வழி அடைபட்டாலோ, அப்பொழுது கத்தியே உயிர் காக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். நாம் கூறியதெல்லாம் நிணநீர்ப் புற்றுக்கே பொருந்தும். இரைப்பையின் சுரப்பிச் சவ்வில் எழும் சாதாரண இரைப்பைப் புற்று வேறு. சென்னையில் அதுவே மிகுதி. அதற்கு இன்றும் சஸ்திர சிகிச்சையே அடிப்படை. ‘மாத்திரையால் தீரும் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறதே’ என்று அந்நோயாளி கத்தியைத் தட்டிக் கழித்தால் உயிருக்கே அபாயமாகும். எது எதுவென்று பிரித்துக் காட்டுவது துணுக்குப் பரிசோதனை ஒன்றே. அத்துணுக்கையும் ஓரிடத்திலன்றிப் பலவிடங்களிலிருந்து எடுக்க வேண்டும். நிணநீர்ப் புற்றை அறிந்த நோயியல் வல்லுநர் அதனைப் பார்க்க வேண்டும். 

எங்கே செல்வது?

புளியந்தோப்பு வாசிகள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று நம் முன்னோர் அழைத்த ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அருகிலேயே இருக்கிறது. பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த இடம் இன்று அவர்கள் வயிற்று வியாதிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் இடமாயிருப்பது பொருத்தமே. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில், 1934-ல் தொடங்கிய பர்னார்டு கதிரியல் நிலையம் நாட்டின் பழமையான கதிர்ச் சிகிச்சை நிலையங்களுள் ஒன்று. அடையாற்றில் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுக்குப் பலிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், புற்றுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று பலர் கருதிய நாளில், மாதர் சங்கத்தின் துணையுடன் பொதுமக்களிடம் நிதி திரட்டி அதனை எழுப்பினார். 1952-ல் நேருஜி அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கிற்று. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் தம் வாழ்நாளை அதற்கே ஈந்தனர். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ.5 லட்சம் வரையில் உதவுகிறது. அட்டையை நோய் வருமுன்பே பெற்று வைத்துக்கொள்வது விவேகம்.

ஒரு கேள்வி

‘அபூர்வமான ஒரு வியாதிக்கு இத்தனை விஸ்தாரமா? ஏழைக்கு ஆயிரம் குறை இருக்கும்போது இதையா எழுதுவது?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்த அபூர்வ வியாதியை உண்டாக்கும் கிருமியே, சர்வசாதாரணமான இரைப்பைப் புண்ணையும், கொடிய இரைப்பைப் புற்றையும் உண்டாக்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நிணநீர்ப் புற்றைக் காலத்தே கண்டுபிடிக்கும் குழாய்ப் பரிசோதனையே மற்ற இரண்டையும் காலத்தே காட்டுகிறது. சிலருக்காகத் திறக்கும் கதவின் வழியே பலர் நுழைந்து பிழைப்பார்கள். 

தொண்டர் கடமை

ஆதலின் பொது ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம். கூட்டம் கூட்டுவதும் தீர்மானம் நிறைவேற்றுவதும் மட்டும் தொண்டாகிவிடா. உங்கள் தெருவில் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் வாரக்கணக்கில் வயிற்றுவலியென்று கடை மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால், அவரைக் கையோடு அழைத்துச் சென்று ஆஸ்பத்திரியிற் காட்டுங்கள். உடல் இளைப்போ, இரத்த வாந்தியோ, கறுத்த மலமோ, உணவு விழுங்க முடியாமையோ இருப்பின் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பதினான்கு நாள் மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டவர் பதினான்காம் நாள் மாத்திரையையும் உண்டாரா என்று விசாரியுங்கள். குணமடைந்தவர்கூட ஆண்டுதோறும் குழாய்ப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஏனெனில் புற்று மீளவும் கூடும், அதே இரைப்பையில் வேறு வகைப் புற்று தோன்றவும் கூடும். அந்த நாளை நினைவூட்டுவதும் தொண்டே. நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கையுள்ளவரை இகழாதீர்கள். ஆனால் துணுக்குப் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போட விடாதீர்கள். 

சர்க்காரிடம் நாம் வேண்டுவனவும் சில உண்டு. கிருமியை அறியும் மூச்சுப் பரிசோதனை ஏழை நோயாளிக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். இன்று குழாய்ப் பரிசோதனைக்கு முறை வைத்து வாரக்கணக்கில் காத்திருக்கும் தொழிலாளி அத்தனை நாளும் கூலியை இழக்கிறார் என்பதை நினைந்து, பேட்டை ஆஸ்பத்திரிகளிலும் அவ்வசதியைப் பெருக்க வேண்டும். வைத்தியர் சீட்டின்றிக் கிருமிநாசினி மருந்துகளை விற்பதைத் தடுக்கும் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாமல் கடைவாசல் வரையில் செல்ல வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, குழாயில் வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாயிருக்க வேண்டும். இவை சலுகைகளல்ல, வரி செலுத்தும் குடிகளின் உரிமைகள்.

தொழிலாளியின் ஆஸ்தி அவருடைய தேகம் ஒன்றே. அதனைக் காக்கும் வழி தெரிந்திருந்தும், தெரியாமையால் ஒருவர் மாண்டாரென்றால் அப்பழி விதியைச் சாராது. தெரிந்தும் சொல்லாதிருந்த நம்மையே சாரும். புற்றென்றதும் ஒடுங்கிவிடாமல், ‘எந்த வகை? எந்த நிலை? கிருமி உண்டா?’ என்று நிமிர்ந்து கேட்கும் மூன்று கேள்விகளை வடசென்னையின் ஒவ்வொரு தெருவும் கற்றுக்கொள்ளட்டும். அந்த மூன்று கேள்விகளே சிலருக்கு உயிரையும், பலருக்கு இரைப்பையையும் மீட்டுக் கொடுக்கும்.